சீனத்து ஜாடியும் செட்டிநாட்டு வளவும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதியில், திருமயத்தையும் பொன்னமராவதியையும் சுற்றி அமைந்த நகரத்தார் ஊர்களின் வீடுகளைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் ஒப்பிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு, சீனத்து ஜாடி. சுற்றுலாக் கையேடுகளும் நாளிதழ் இணைப்புகளும் இதை வரிசை மாறாமல் சொல்லி வருகின்றன. முதல் நான்கைப் பற்றி ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. ஐந்தாவதான சீனத்தைப் பற்றியே இக்கட்டுரை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் புதுவீடு கட்டுவோர் சிலர் ‘செட்டிநாட்டுப் பாணி’ என்று கேட்டு வாங்கும் உள்ளலங்காரத்தில், இரண்டு தேக்குத் தூண்களுக்கு நடுவே நீலமும் வெள்ளையுமான பெரிய ஜாடி ஒன்று கட்டாயம் நிற்கிறது. அருகே ஓர் அரக்குப் பெட்டி, சுவரில் சீன எழுத்துத் தொங்கல் என்று அது மெல்ல விரிந்து, நகரத்தார் தம் வீடுகளைச் சீன முறையில் அலங்கரித்து வாழ்ந்தனர் என்ற எண்ணத்தில் போய் முடிகிறது. ராயவரத்திலும் அரிமளத்திலும் கடியாபட்டியிலும் நச்சாந்துபட்டியிலும் உள்ள பெருவீடுகளுக்குள் சீனப் பொருள்கள் வந்தன. சீனப் பாணி வரவில்லை. பொருள் வந்தும் பாணி ஏன் வராமற் போயிற்று என்று கேட்டால், அந்த வீடுகளின் வரலாறு சற்று வேறு விதமாகத் தெரியத் தொடங்குகிறது.

முதலில் மரபான சீன வீட்டு அலங்காரம் என்பது எது என்று பார்த்துவிடுவோம். நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த திறந்த முற்றம், நடுவில் ஓர் அச்சு, அச்சின் முடிவில் முதன்மைக் கூடம். கூடத்தின் பின்சுவரை ஒட்டி உயரமான, நீண்ட, குறுகிய மேசை. அதன் முன் ஒரு சதுர மேசை. இருபுறமும் கைவைத்த நாற்காலிகள் இணை இணையாக. முன்னோர் பெயர் எழுதிய பலகைகளுக்கு அங்கே இடம் உண்டு. சுவரில் தொங்கும் செய்யுளடிகளும் இணையாகவே தொங்கும். எல்லாம் இரண்டு, எல்லாம் நேர் எதிர். தென்கிழக்குச் சீனத்தின் ஹுய்ட்சோ வட்டாரத்தில் ஒரு வழக்கம் சுவையானது. அந்த நீண்ட மேசையின் நடுவில் கடிகாரம், கிழக்கே பூச்சாடி, மேற்கே கண்ணாடி. சீன மொழியில் சாடியைக் குறிக்கும் சொல்லும் அமைதியைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலி உடையவை. கண்ணாடிக்கும் சலனமின்மைக்கும் அப்படியே. கடிகாரத்தின் ஒலியோடு சேர்த்துப் படித்தால் ‘வாழ்நாள் முழுதும் அமைதி’ என்ற வாழ்த்து கிடைக்கும். அங்கே ஜாடி பூ வைப்பதற்காக மட்டும் நிற்பதில்லை, அது ஒரு சொல்லாகவும் நிற்கிறது. அதை வேறு மூலைக்கு மாற்றினால் வாக்கியம் குலைந்துவிடும்.

இனி நம் ஊர் வீட்டுக்குள் நுழைவோம். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நேர்கோட்டில் நீளும் கட்டடம். திண்ணை, முகப்பு, பட்டாலை, பிறகு வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தூண் வரிசை, தூண்களுக்குப் பின்னே இரட்டை வீடுகள் எனப்படும் அறைகள், அப்பால் இரண்டாங்கட்டு, அடுப்படி. மணமான ஒவ்வொரு மகனும் ஒரு ‘புள்ளி’. ஒவ்வொரு புள்ளிக்கும் வளவைச் சுற்றி ஓர் அறைப் பங்கு. வளவு எல்லோருக்கும் பொது. திருமணம், மணிவிழா, முன்னோருக்குப் படைப்பு என அனைத்தும் அங்கே நடக்கும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர்ப்பூச்சு தொட்டால் வழுக்கும். அறைகளில் நாற்காலி மேசைக்குப் பெரிய இடம் இல்லை. தரையில் அமர்ந்து வாழ்ந்த வாழ்க்கை அது. ஆடம்பரம் அனைத்தும் ஆண்கள் விருந்தினரை வரவேற்கும் முன்பகுதியிலும் மாடிக் கூடத்திலும் நின்றுவிடும். சரவிளக்கும் ஆளுயரக் கண்ணாடியும் சாய்வு நாற்காலியும் அங்கேதான்.

முற்றமும் அச்சும் இரு நாட்டு வீடுகளிலும் இருப்பதைக் கண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்ல ஆசை எழும். ஹுய்ட்சோ வீடுகளில் கூரைகள் உள்நோக்கிச் சரிந்து, நாற்புற மழைநீரும் முற்றத்தில் விழும். அது செல்வம் வீட்டுக்குள் வந்து சேர்வதன் அடையாளம் என்பர். நம் வளவிலும் மழை அப்படித்தான் இறங்குகிறது. ஹுய்ட்சோக்காரர்களும் உப்பும் தேயிலையும் விற்க ஆண்டுக்கணக்கில் வெளியூர் போய், ஈட்டிய பொருளைச் சொந்த ஊரில் வீடாகக் கட்டியவர்களே. ஒற்றுமை வியப்பூட்டுகிறது. எனினும் இது கடன் வாங்கிய ஒற்றுமை இல்லை. வெயிலும் மழையும் கூட்டுக் குடும்பமும் சேரும் இடங்களில் முற்றம் தானே பிறக்கிறது. நம் நாட்டில் அதற்கு நெடிய மரபு உண்டு. ஒற்றுமை கண்ட இடமெல்லாம் தாக்கம் என்று எழுதும் வழக்கம் நம் வரலாற்றுக் கட்டுரைகளில் சற்று அதிகம்.

சரி, வந்த சீனப் பொருள்கள் எங்கே வைக்கப்பட்டன? பெரிய ஜாடிகள் பெரும்பாலும் இரண்டாங்கட்டிலும் சாமான் அறைகளிலும் இருந்தன. உப்பும் புளியும் ஊறுகாயும் நிறைந்த பாண்டங்கள் அவை. கப்பல் ஏறியபோதும் அவற்றின் வேலை அதுவே. தென்சீனத்திலும் சயாமிலும் பர்மாவிலும் சுடப்பட்ட பழுப்பு மெருகு ஜாடிகள், தண்ணீரும் எண்ணெயும் ஊறுபொருளும் ஏற்றிச் செல்லும் கொள்கலன்களாக இந்தியப் பெருங்கடல் முழுதும் சுற்றியவை. பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தின் பெயரே அவற்றுக்கு அமைந்துவிட்டது. வட இந்தியாவில் ஊறுகாய் ஜாடியை இன்றும் ‘மர்த்தபான்’ என்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டுப் பயணி இபின் பதூதா, இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் ஊறிய மர்த்தபான்களைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்புகளில் ஒன்றாகக் குறித்திருக்கிறார். ஆக, ஊறுகாய்க்கும் இந்த ஜாடிக்கும் உள்ள உறவு செட்டிநாட்டு வீடுகளைவிட மிகப் பழையது.

தட்டு, கிண்ணம், கோப்பை ஆகியவற்றின் கதை வேறு. அவை பெண்ணின் சீரோடு வந்தவை. நகரத்தார் திருமணத்தில் ‘சாமான் பரப்புதல்’ என்றொரு வழக்கம் உண்டு. பெண்வீட்டார் தரும் வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், பீங்கான், மங்குச் சாமான் எல்லாம் உறவினர் பார்வைக்கு அடுக்கப்படும். எண்ணிக்கையும் வகையும் பட்டியலாக எழுதப்படும். பரப்பிய பின் அவை பெட்டக அறைக்குள் போய்விடும். பலவற்றை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களில் வேரூன்றிய பெரனாக்கான் சீனரிடமும் இதை ஒத்த வழக்கம் இருந்தது. இளஞ்சிவப்பும் பச்சையுமாக, பீனிக்ஸ் பறவையும் பியோனி மலரும் தீட்டி, சீனத்தின் ஜிங்டேஜென் நகரில் அவர்களுக்கென்றே செய்த பீங்கான்கள் திருமணத்துக்கும் விழாவுக்கும் மட்டும் வெளியே எடுக்கப்பட்டன.

இங்கே சொற்களைப் பற்றிச் சிறிது. ‘மங்கு’ என்பது மலாய் மொழியில் கிண்ணத்தைக் குறிக்கும் ‘மங்குக்’ என்பதை நினைவூட்டுகிறது. ‘பீங்கான்’ மலாயில் தட்டைக் குறிக்கும் ‘பிங்கான்’ என்பதற்கு அருகில் நிற்கிறது. இரண்டுக்கும் பின்னால் ஒரு பாரசீகச் சொல்லைக் காட்டுவர். சீனி, சீனவெடி, சீனாக்காரம், சீனக்களிமண் என்று நம் பேச்சில் சீனத்தின் பெயரை ஏற்ற பொருள்கள் பல. இவற்றில் எத்தனை உண்மையில் சீனத்திலிருந்து வருகின்றன? பெயர் பிறப்பிடத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டுத் தரத்தையும் வகையையும் சொல்லத் தொடங்கி வெகுகாலமாகிறது.

பொருள்களின் நிலையும் அதுவே. வீட்டில் உள்ளோர் சீனத்து ஜாடி என்று சொல்லும் பழுப்பும் வெள்ளையுமான ஊறுகாய் ஜாடிகளில் பல ராணிப்பேட்டைப் பக்கத்திலும் பிற்காலத்தில் விருத்தாசலத்திலும் செய்த வகையைச் சேர்ந்தவை. மங்குச் சாமான்கள் பல சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் ஆலைகளில் பிறந்தவை. நீலநிறத்தில் அலரி மரமும் பாலமும் இரு பறவைகளும் உள்ள தட்டு சீனக் காட்சி போலவே தோன்றும். அது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான வடிவம். அதற்கெனச் சொல்லப்படும் காதல் கதையும் ஆங்கில வணிகர் கட்டியதே. சந்தேகம் இருப்பவர்கள் தட்டைக் கவிழ்த்துப் பார்க்கலாம். 1891 முதல் அமெரிக்கச் சுங்கச் சட்டம் பிறப்பிட நாட்டின் பெயரைப் பொருளில் பொறிக்கக் கட்டாயப்படுத்தியதால், ஏற்றுமதிப் பீங்கான்களின் அடியில் ‘சைனா’ என்ற எழுத்து வரத் தொடங்கியது. ஜப்பான் பொருள்களில் ‘நிப்பான்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1921க்கு முந்தியது. பிறகு ‘ஜப்பான்’ என்று மாறிற்று. எழுத்தே இல்லாவிட்டால் பழையதாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம்.

சுவர் ஓடுகளுக்கு வருவோம். முகப்புச் சுவரில் இடுப்பளவுக்குப் பதித்த, பூ வேலைப்பாடு புடைத்து நிற்கும் பளபளப்பான ஓடுகளை வீட்டுக்கு வீடு காணலாம். தொடக்கத்தில் இவ்வகை ஓடு இங்கிலாந்திலிருந்து வந்தது. முதல் உலகப்போரில் ஆங்கில ஏற்றுமதி தளர, ஜப்பானிய ஆலைகள் அந்தச் சந்தையைப் பிடித்தன. அவாஜித் தீவின் டான்டோ, நகோயாவின் சாஜி முதலிய ஆலைகள் ஆங்கில வடிவங்களை அப்படியே அச்செடுத்துத் தைவானுக்கும் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் இந்தியாவுக்கும் அனுப்பின. இந்தியச் சந்தைக்காக ரவிவர்மா படங்களைப் பார்த்து லட்சுமியும் சரசுவதியும் கிருஷ்ணனும் புடைப்போடுகளாக ஜப்பானில் செய்யப்பட்டனர். ஆகவே ராயவரத்து முகப்பில் உள்ள ரோஜா ஓட்டின் உடன்பிறப்பு சிங்கப்பூர்ப் பெரனாக்கான் சீனரின் வாசலிலும், தைவானியக் குடியானவர் வீட்டுக் கூரை முகட்டிலும் இருக்க வாய்ப்புண்டு. ஆங்கில வடிவம், ஜப்பானியக் கைவேலை, சீனர் வாசல், தமிழர் முகப்பு. இதில் எதைச் சீனப் பாணி என்பது?

புதுக்கோட்டை மண்ணுக்கும் கீழ்க்கடலுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவைக் கல்வெட்டுகள் அறியும். தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் காவலில் வைக்கிறது. சீனத்தின் சுவாஞ்சௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நம் பக்கம் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பகுதிகளில் சீனச் செப்புக் காசுகள் குவியலாகவே கிடைத்தன. 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாக வெளிவந்தன. பெருமைப்பட வேண்டியவைதாம். ஆனால் மணிக்கிராமத்தாரிடமிருந்து நகரத்தார் வரை ஒரே கோடு இழுக்கச் சான்று போதாது. நம் வீடுகளில் உள்ள ஜாடியை அந்தக் காலத்தோடு முடிச்சுப்போடத் தேவையும் இல்லை. அது 19, 20ஆம் நூற்றாண்டுகளின் பொருள்.

அந்த நூற்றாண்டுகளில் நகரத்தாரும் சீனரும் எங்கே சந்தித்தனர் என்பதே முக்கியம். சீனத்துக்குள் அன்று, மலாயாவிலும் பர்மாவிலும். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. சீனச் சிறுவணிகர், ஈயச் சுரங்கக்காரர், ரப்பர்த் தோட்டக்காரர் எனப் பலர் அங்கே கடன் பெற்றனர். ஆங்கிலேய வங்கிகள் வாசலிலேயே நிறுத்திய சீனனுக்குச் செட்டியார் கடை கைமாற்றுக் கொடுத்தது. பினாங்கில் 1857இலும் சிங்கப்பூரில் 1859இலும் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில்களின் தைப்பூசத்துக்குச் சீனரும் திரண்டு வருவது இன்றுவரை தொடர்கிறது. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் புதிதன்று.

இவ்வளவு நெருங்கிப் பழகியும் சீனர் வாழும் முறை நம் வீட்டுக்குள் ஏன் வரவில்லை? கொண்டுவிக்கச் சென்றவர்கள் வாழ்ந்த முறையைப் பார்த்தால் விடை கிடைக்கும். மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்குக்குப் போனவர்கள். மனைவி மக்கள் ஊரில். கிட்டங்கியில் தரையில் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். பகலில் கடை, இரவில் படுக்கை. அங்கே குடித்தனம் நடத்தாதவனுக்கு அலங்கரிக்க என்ன இருக்கிறது? ஒரு வீட்டை அமைக்கும் முறை பழகிப் பழகி வருவது, குறிப்பாகப் பெண்கள் வழியே வருவது. நகரத்துப் பெண்கள் கடல் கடக்கவில்லை. சீனக் கூடங்களை அவர்கள் பார்த்ததில்லை. கப்பலில் வந்தவை பொதியாகக் கட்டக்கூடியவை மட்டுமே. இதற்கு எதிர்மறைச் சான்றாக மலாக்காச் செட்டிகளைக் கொள்ளலாம். பெயர் ஒன்றானாலும் அவர்கள் நகரத்தார் அல்லர். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே தங்கி மணம் புரிந்தவர்கள். சைவ வழிபாட்டை விடாமலே மலாய் பேசி, உடையிலும் உணவிலும் பெரனாக்கான் சீனரை ஒத்தவர்கள். தங்கியவனுக்குப் பாணி வாய்த்தது, திரும்பியவனுக்குப் பொருள் வாய்த்தது.

ஆயினும் சீன வீட்டுக்கும் செட்டிநாட்டு வீட்டுக்கும் உறவே இல்லை என்று முடித்துவிட எங்களுக்கு மனமில்லை. உறவு இருக்கிறது, அதை நாம் வேறிடத்தில் தேடுகிறோம். பினாங்கில் சியோங் ஃபாட் ட்ஸே என்ற சீனப் பெருவணிகர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய நீல மாளிகையில், சீன வாஸ்து முறைப்படி அமைந்த முற்றமும் உடைந்த பீங்கான் துண்டுகளால் ஆன கூரை வேலைப்பாடும் உண்டு. அதே வீட்டில் ஸ்காட்லாந்து வார்ப்பிரும்புத் தூணும் இங்கிலாந்துத் தரை ஓடும் வண்ணக் கண்ணாடிச் சன்னலும் உண்டு. தென்சீனத்தின் கைபிங் வட்டாரத்துக்குச் சென்றால் நெருக்கம் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் பாடுபட்டவர்கள் அனுப்பிய பணத்தில், பெரும்பாலும் 1920களிலும் 1930களிலும், நெல்வயல்களுக்கு நடுவே பல மாடிக் காவல் வீடுகள் எழுந்தன. உச்சியில் கிரேக்கத் தூணும் கவிமாடமும். உள்ளே முன்னோர் வழிபாட்டு மாடம். வறண்ட புதுக்கோட்டைச் சீமையில், கண்மாய்க் கரைக்கு அப்பால் திடீரென எழும் ராயவரத்து மாடிகளை முதன்முறை பார்ப்பவர் அடையும் திகைப்பும் அங்கே அடையும் திகைப்பும் ஒன்றாகவே இருக்கும். வெளியூர்ப் பணம், வெளிநாட்டு மேற்பூச்சு, உள்ளே சற்றும் அசையாத குலமரபு. பெய்ஜிங் அரண்மனையை விட்டு, இந்தக் கைபிங் குடியானவன் வீட்டைத்தான் நம் வளவின் பங்காளி என்று சொல்ல வேண்டும்.

வீழ்ச்சியும் ஒன்றுபோல வந்தது. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அங்கிருந்த நகரத்தார் முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் நிலம் திரும்பியது. 1930இல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 விழுக்காடாக இருந்த அவர்களின் நிலவுடைமை 1937இல் 25 விழுக்காடாயிற்று. கைக்கு வந்த நிலத்தை 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும், பின்னர் பர்மிய அரசின் நிலச் சட்டங்களும் கொண்டுபோயின. வீடு கட்டுவது நின்றது. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது பங்காளிகள் ஆயினர். கூரை ஒழுகினால் எல்லோரும் ஒப்ப வேண்டும். ஒப்புவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். விற்பது அதைவிட எளிதாயிற்று. தூணும் நிலையும் ஜாடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் வழியாக ஊர் ஊராகப் போயின. கடியாபட்டி போன்ற ஊர்களில் சில மாளிகைகள் விடுதிகளாகிப் பிழைத்துக்கொண்டன, நல்லதே.

கைபிங் கோபுர வீடுகள் 2007இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. இதைவிட எங்களை உறுத்துவது வேறொன்று. கடல்கடந்த சீனர்கள் பணத்தோடு சேர்த்து ஊருக்கு அனுப்பிய கடிதங்கள், ‘சியாவ்பி’ என்ற பெயரில், 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. எத்தனை வெள்ளி, யாருக்கு, என்ன செலவுக்கு என்று எழுதிய சாதாரணத் தாள்கள் அவை. நம்மிடமும் அத்தகைய தாள்கள் மலைபோல் இருந்தன: உண்டியல்கள், பேரேடுகள், ஐந்தொகைகள், கொழும்பிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் சைகோனிலிருந்தும் வந்த கடிதங்கள், சீர்ப் பட்டியல்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய நூல்கள் 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக வாழ்கின்றன. கணக்கு ஏடுகளுக்கு அப்படியொருவர் வாய்த்தது அரிது. அவை வீட்டை ஒழிக்கும்போது முதலில் ஒழிக்கப்பட்டவை. ஜாடிக்கு விலை பேசிய அதே நாளில் எடைக்குப் போனவை. ஜாடியை வாங்கியவர் அது மிங் காலமா, மஞ்சு காலமா என்று இன்று நிபுணர்களைத் தேடுகிறார். எந்த ஆண்டு, எந்தக் கடையில், யார் கணக்கில் பற்றெழுதி, எந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு அது வந்தது என்பது அந்த ஏடுகளில் ஏதோ ஒன்றில் தமிழில் எழுதப்பட்டிருந்தது.